பச்சை குத்துதலும் மருதாணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை குத்துவதற்கும் மருதாணி இடுவதற்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

இரண்டும் தோலில் எழுதப்படுவனவே என்றாலும், எழுதப்படும் ஆழம் வேறு. பச்சை குத்தும்போது ஊசி மேல்தோலைக் கடந்து, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், இரத்த நாளங்களும் நரம்புகளும் ஓடும் அடித்தோலில் மையைக் கொண்டு சேர்க்கிறது. மருதாணியின் சாயமோ மேல்தோலின் உச்சியில் இருக்கும், ஏற்கெனவே உயிரிழந்துவிட்ட செல்களின் அடுக்கில் மட்டும் ஊறி நிற்கிறது. மேல்தோல் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், பழைய செல்கள் உதிர உதிர மருதாணியும் அவற்றோடு உதிர்ந்து, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் மறைந்துவிடும். ஒன்று ஆயுள்வரை நிற்பதற்கும் மற்றொன்று சில நாளில் கலைவதற்கும் இந்தச் சிறு ஆழமே காரணம். அழியாத குறியைக் கொண்டு மனிதர்கள் ஒருவருடைய குலத்தையும் தகுதியையும், சில வேளைகளில் குற்றத்தையும் எழுதினார்கள். அழியும் குறியைக் கொண்டு ஒரு திருமணத்தை, ஒரு விழாவை எழுதினார்கள்.

குத்திய மை ஏன் அழிவதில்லை? கறுப்பு மையால் குத்தியது ஏன் பச்சையாகத் தெரிகிறது?

மை அசையாமல் அப்படியே தோலில் உறைந்து கிடக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது உடலின் கைதியாக இருக்கிறது. மைத்துகள்கள் நுழைந்தவுடன், அந்நியப் பொருளை விழுங்கும் பெருவிழுங்கிச் செல்கள் அவற்றைச் சூழ்ந்து உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றைச் செரிக்க இயலாமல் சுமந்தபடியே இருக்கின்றன. ஒரு செல் இறந்தால் அது விட்டுச்சென்ற மையை அடுத்து வரும் செல் எடுத்துக்கொள்கிறது என்பதை, 2018இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் செய்த சோதனையில் காட்டினார்கள். பல்லாண்டுகள் நிலைத்திருப்பதாக நாம் காணும் கோடு, இவ்வாறு கை மாறிக் கை மாறிக் காக்கப்படும் கோடு. லேசர் கொண்டு அழிக்கும்போதுகூட மை எரிந்து மறைவதில்லை. துகள்கள் மேலும் சிறிதாக உடைக்கப்படுகின்றன, உடல் அவற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகிறது. அதனால்தான் அதற்குப் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன.

நிறத்தைப் பொறுத்தவரை, கரியும் புகைக்கரியும் கறுப்பே. ஆனால் அவற்றை நாம் தோலின் ஊடாகப் பார்க்கிறோம். தோல் சிதறடித்துத் திருப்பும் ஒளியில் நீலத்தின் பங்கு கூடுதல் என்பதால், ஆழத்தில் இருக்கும் கறுப்பு நீலமாகவோ பச்சையாகவோ கண்ணுக்குப் படுகிறது. தமிழில் இக்கலைக்கு அமைந்த பெயர், குத்தப்படும் மையின் நிறத்தைச் சொல்லாமல், குத்தி ஆறிய பிறகு கண்ணில் படும் நிறத்தைச் சொல்கிறது. நல்ல அவதானிப்பு.

உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய பச்சைக் குறிகள் எவை?

1991இல் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் பனிமலையில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதரின் உடலில் 61 குறிகள் எண்ணப்பட்டுள்ளன. ஏட்சி என்று அழைக்கப்படும் இவருடைய குறிகள் யாவும் சிறு கோடுகளும் சிலுவை வடிவங்களுமே. எகிப்தின் கெபலைனில் கிடைத்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேலாகக் காட்சியில் இருந்த ஆண் உடலின் மேற்கையில் மங்கலான ஒரு கறை இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது அது காட்டுக் காளையும் காட்டாடும் என்று தெரியவந்தது. அதே இடத்துப் பெண் உடலின் தோளில் அடுத்தடுத்து அமைந்த வளைகோட்டு வடிவங்கள் இருந்தன. 2018இல் வெளியான இந்த முடிவு, ஏட்சியின் காலத்தை ஒட்டியே உருவங்கள் கொண்ட பச்சையும் இருந்ததை உறுதிப்படுத்தியது.

சைபீரியாவின் அல்த்தாய் மலைப்பகுதியில், உறைந்த நிலத்துக் கல்லறைகளில் கிடைத்த பாசிரிக் மக்களின் உடல்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. 1993இல் உகோக் பீடபூமியில் கிடைத்த பெண்ணின் தோளில், கழுகின் அலகும் கிளைத்த கொம்புகளும் கொண்ட ஒரு மான், பின்னுடலை முறுக்கித் துள்ளுகிறது. அந்தக் கோட்டின் லாவகத்தைப் பார்த்தால், அதை வரைந்தவருக்கு அது முதல் முயற்சியோ நூறாவது முயற்சியோ அன்று, அதற்கும் மிகுந்தது என்றே தோன்றும்.

அவை அலங்காரமா, மருத்துவமா?

ஏட்சியின் குறிகளில் பெரும்பாலானவை கீழ் முதுகு, முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களில் உள்ளன. அவருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததை எலும்புகள் காட்டுவதால், வலித்த இடத்தில் குத்திக் கரி தேய்த்த வைத்தியமாக இருக்கலாம் என்பது வலுவான கருத்து. எகிப்தின் டெய்ர் எல்-பஹ்ரியில் 1891இல் கிடைத்த, ஹாத்தோர் தெய்வத்தின் பூசாரியான அமுனெட்டின் அடிவயிற்றில் புள்ளிகளும் கோடுகளும் உள்ளன. அவை மகப்பேற்றுக் காப்பு என்று சிலர் விளக்குகிறார்கள். அலங்காரம், மருத்துவம், காப்பு என்று மூன்று பெட்டிகளாகப் பிரிப்பது நம்முடைய வழக்கம். அதைக் குத்திக்கொண்டவர்களும் அப்படிப் பிரித்தார்கள் என்று கருத வேண்டியதில்லை.

‘டாட்டூ’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பசிபிக் தீவுகளில் பேசப்படும் பாலினேசிய மொழிகளின் ‘டாடாவ்’ என்ற சொல்லிலிருந்து. ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் கப்பல் 1769இல் தாகிட்டி தீவில் தங்கியிருந்தபோது அவரும் உடன் சென்ற தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸும் இச்சொல்லைத் தம் குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். அங்கிருந்து அது ஐரோப்பிய மொழிகளுக்குள் பரவியது. இதைக் கொண்டு, ஐரோப்பா பச்சை குத்துதலையே குக்கிடமிருந்துதான் கற்றது என்று அடிக்கடி சொல்லப்படுவது தவறு. எருசலேமுக்குப் புனிதப் பயணம் சென்ற ஐரோப்பியர்கள் அதற்கு வெகு முன்பே கையில் சிலுவை குத்திக்கொண்டு திரும்பினார்கள். அங்குள்ள கலைஞர்கள் செதுக்கிய மர அச்சால் முதலில் உருவத்தைத் தோலில் பதித்து, அந்தக் கோட்டின்மேல் ஊசியை ஓட்டினார்கள். குக் கொண்டுவந்தது ஒரு சொல்; பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

சமோவாவிலும் நியூசிலாந்திலும் அதற்கு உள்ள பொருள் என்ன?

சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்திக்கொள்ளும் தொகுதி ‘பேஆ’ எனப்படுகிறது. பெண்கள் தொடைப்பகுதியில் குத்திக்கொள்ளும் மெல்லிய வடிவங்கள் ‘மாலு’. துஃபுங்கா எனப்படும் கலைஞர், எலும்பிலோ பன்றிக் கொம்புப் பல்லிலோ செய்த சீப்பு போன்ற கருவியை மையில் தோய்த்துத் தோலின்மேல் வைத்து, சிறு கோலால் தட்டுகிறார். இருபுறமும் அமர்ந்த உதவியாளர்கள் தோலை இழுத்துப் பிடித்தும், கசியும் இரத்தத்தைத் துடைத்தும் இருப்பார்கள். ‘டக், டக்’ என்று நிற்காமல் கேட்கும் அந்த ஓசை பல நாள் நீளும். வலி தாளாமல் பாதியில் எழுந்தவருக்கு முற்றுப்பெறாத பேஆ ஆயுள் முழுதும் அவமானம். அவருடைய குடும்பத்துக்கும் அது இழுக்கு. முழுமையாகப் பெற்றவர் பெரியவர்களுக்கும் தலைவர்களுக்கும் தொண்டு செய்யத் தகுதி பெற்றவராகிறார். வீரத்தைவிடத் தொண்டே அங்கு முதலில் நிற்கிறது என்பதை வெளியார் எளிதில் தவறவிடுகிறார்கள்.

இக்கலை வந்த கதையும் சுவையானது. ஃபிஜியிலிருந்து இரண்டு சகோதரிகள் ‘பெண்களுக்குக் குத்து, ஆண்களுக்குக் குத்தாதே’ என்று பாடிக்கொண்டே நீந்தி வந்தார்களாம். வழியில் சிப்பி எடுக்க மூழ்கி எழுந்தபோது பாட்டு தலைகீழாக மாறிவிட்டதாம்.

நியூசிலாந்தின் மாஓரி மக்களின் ‘டா மோக்கோ’ ஊசிக்குத்தல் அன்று, செதுக்கல். ‘உஹி’ என்னும் எலும்பு உளியால் முகத்தில் பள்ளக் கோடுகள் வெட்டி அவற்றில் மையைச் சேர்த்தார்கள். ஆறிய பின்னும் விரலால் தடவினால் வரப்பும் வாய்க்காலும் தெரியும். அக்கோடுகள் குலவழியையும் தகுதியையும் உரைத்தன. 1820களில் இங்கிலாந்து சென்ற தே பேஹி குப்பே என்ற தலைவர், கண்ணாடி பார்க்காமலே தம் முகத்துக் கோடுகளைத் தாளில் பிசகின்றி வரைந்து காட்டினார். தலைவர்கள் சிலர் ஆவணங்களில் கையொப்பமாகத் தம் மோக்கோவின் ஒரு பகுதியையே வரைந்தார்கள்.

அதே முகங்கள் பின்னர்ச் சந்தைப் பொருளாயின. பதப்படுத்திக் காக்கப்பட்ட, மோக்கோ உள்ள தலைகளைத் துப்பாக்கிகளுக்கு மாற்றாக ஐரோப்பியர்கள் வாங்கத் தொடங்கினார்கள். 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் இவ்வணிகத்தைத் தடைசெய்தார். அருங்காட்சியகங்களுக்குச் சென்ற தலைகளைத் திரும்பப் பெறும் பணியை நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகம் இன்றும் செய்துவருகிறது. 2016இல் முகவாயில் ‘மோக்கோ கௌவை’ குத்திக்கொண்ட நனாயா மஹூட்டா, 2020இல் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

பச்சை எப்படி அவமானச் சின்னமாகவும் ஆயிற்று?

யார் கையில் ஊசி, யாருடைய விருப்பம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறியது. பண்டைய கிரேக்கர்களுக்குத் தோலில் குத்தப்பட்ட குறி, தப்பியோடிய அடிமையின் அடையாளம். ‘ஸ்டிக்மா’ என்ற அவர்களுடைய சொல்லே பின்னாளில் களங்கத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்த திரேசியர்களிடமோ குத்திக்கொள்வது உயர்குடிப் பிறப்பின் அடையாளம், குத்தாதவரே தாழ்ந்தவர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ரோமில் தண்டனை பெற்றவர்களின் முகத்தில் குறியிடுவதைக் கான்ஸ்டன்டைன் பேரரசர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்தினார். முகம் இறைவனின் சாயலைக் கொண்டது என்பது அவர் சொன்ன காரணம். கையிலும் காலிலும் இடுவதை அவர் தடுக்கவில்லை.

நாஜிகளின் முகாம்களுள் கைதிகளுக்கு எண்ணைப் பச்சையாகக் குத்தும் முறை ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டுமே இருந்தது. 1941இல் சோவியத் போர்க்கைதிகளிடம் தொடங்கிய அம்முறையில், பின்னர் பெரும்பாலும் இடது முன்கையில் எண் குத்தப்பட்டது. வந்திறங்கியவுடன் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்கூட இல்லை. தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் அதை அழித்துக்கொண்டார்கள், சிலர் மறைக்காமல் வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகளுள் சிலர் அதே எண்ணைத் தம் கையில் விரும்பிக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். இலக்கங்கள் ஒன்றே, குத்தச் சொன்னவர் மாறிவிட்டார்.

ஜப்பானில் இன்றும் அதை ஐயத்துடன் பார்ப்பது ஏன்?

1720இல் தோக்குகாவா ஆட்சி, மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்கு மாற்றாகக் கையிலோ நெற்றியிலோ குறியிடுவதைக் கொண்டுவந்தது. குற்றத்தின் குறியை மறைக்க அதன்மேல் பெரிய ஓவியங்களைக் குத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அதே காலத்து எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தீயணைப்போரும் சுமைதூக்குவோரும், 1820களின் பிற்பகுதியில் குனியோஷி வரைந்த பச்சையுடல் வீரர்களின் அச்சோவியங்களைப் பார்த்து, முதுகு முழுவதும் டிராகன்களையும் கெண்டை மீன்களையும் விருப்பத்தோடு குத்திக்கொண்டார்கள். அயல்நாட்டார் நம்மை நாகரிகமற்றவர் என எண்ணிவிடுவாரோ என்ற அச்சத்தில் மெய்ஜி அரசு 1872இல் பச்சை குத்துதலைத் தடைசெய்தது. வேடிக்கை என்னவென்றால், 1881இல் ஜப்பான் வந்த பிரிட்டிஷ் இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், அங்கேயே தம் கையில் ஒரு டிராகனைக் குத்திக்கொண்டு போனார். தடை 1948இல் நீங்கியது. குற்றக் கும்பல்களோடு அதற்கு ஏற்பட்ட தொடர்பு நீங்கவில்லை. பொதுக் குளியல் இடங்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்களுக்கு இன்றும் அனுமதி இல்லை. பச்சை குத்துதல் மருத்துவச் செயல் அன்று, அதற்கு மருத்துவ உரிமம் வேண்டியதில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

பெண்களின் முகத்தில் குத்தியது, அவர்களை அழகற்றவர்களாக்கிக் கடத்தலிலிருந்து காக்கவா?

மியான்மரின் சின் மக்களைப் பற்றியும் அருணாசலப் பிரதேசத்தின் அபதானி மக்களைப் பற்றியும் இக்கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அம்மக்களிடையேயும் அது வழங்குவதால் முற்றிலும் ஒதுக்க இயலாது. எனினும், முகக்குறி இல்லாத பெண்ணை அழகில்லாதவளாக, முழுமை பெறாதவளாக மதித்த சமூகங்கள் உலகெங்கும் இருந்திருக்கின்றன. வட ஜப்பானின் பழங்குடியான ஐனு மக்களின் பெண்களுக்கு உதட்டைச் சுற்றிய குறி நிறைவடைந்த பின்னரே திருமணம். ஒக்கினாவாவின் பெண்கள் கைகளின் புறத்தில் ‘ஹாஜிச்சி’ வடிவங்களைக் குத்திக்கொண்டார்கள். 1899இல் ஜப்பானிய அரசு அதைத் தடைசெய்தது. வெளியாரின் கண்ணுக்கு அழகாகத் தெரியாததை, அழகைக் கெடுக்கவே செய்தார்கள் என்று விளக்குவது வெளியாருக்கு வசதியான விளக்கம் என்றே தோன்றுகிறது.

மதங்கள் என்ன சொல்கின்றன?

விவிலியத்தின் லேவியராகமம் 19:28 தோலில் குறியிடுவதை விலக்குகிறது. யூத மரபு அதைக் கடைப்பிடிக்கிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் நிலையான பச்சையை விலக்கி, மருதாணியை அனுமதிக்கிறார்கள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவை குத்திக்கொள்கிறார்கள். தாய்லாந்தின் ‘சக் யந்த்’ வடிவங்களைப் பௌத்த பிக்குகளே மந்திரம் ஓதிக் குத்துவதுண்டு.

மருதாணி என்பது என்ன? அதன் வரலாறு எவ்வளவு பழையது?

லாசோனியா இனெர்மிஸ் என்ற குறுமரத்தின் இலை. வட ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், தெற்காசியா என வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலங்களில் அது செழிக்கிறது. ‘இனெர்மிஸ்’ என்றால் முள்ளற்றது என்று பொருள். முதிர்ந்த கிளைகளில் கைவைத்தவர்கள் பெயரை நம்ப மாட்டார்கள். எகிப்திய மம்மிகள் சிலவற்றின் தலைமுடியில் மருதாணிச் சாயம் இருந்திருக்கிறது. தமிழில் மருதோன்றி என்ற வடிவமும் உண்டு. சாயமேற்றாமல் குழம்பால் உடலில் வரையும் கலையும் தொன்மையானதே. சங்கப் பாடல்களில் வரும் தொய்யில் அத்தகையது.

திருமணங்களில் மருதாணிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

மொராக்கோவிலிருந்து வங்காளம்வரை, இஸ்லாமியர், இந்துக்கள், யேமன் நாட்டு யூதர்கள் என மதம் கடந்து, மணநாளுக்கு முன் ஓர் இரவு மருதாணிக்கென்றே ஒதுக்கப்படுகிறது. வளம், காப்பு, கண்ணேறு கழித்தல் என்று விளக்கங்கள் பல. அவற்றைவிட அந்த இரவின் அமைப்பே கவனிக்கத்தக்கது. இரு கைகளிலும் குழம்பு ஈரமாக இருக்கும்வரை மணப்பெண்ணால் ஒரு வேலையும் செய்ய இயலாது. தண்ணீர் குடிக்கவும் கலைந்த கூந்தலை ஒதுக்கவும் மற்றொருவர் கை வேண்டும். சுற்றியிருக்கும் பெண்கள் பாடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், ஊட்டிவிடுகிறார்கள். வாழ்க்கையில் ஒருமுறை, எல்லோரும் அவளுக்காக வேலை செய்யும் சில மணி நேரம் அது. பல வீடுகளில், கையின் நிறம் மங்கும்வரை புதுப்பெண்ணுக்கு வீட்டு வேலை இல்லை என்ற வழக்கும் உண்டு. நிறம் நீடிக்க வேண்டும் என்ற ஆசைக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வடிவங்கள் இடத்துக்கு இடம் மாறும்: மொராக்கோவில் கோணங்களும் கட்டங்களும், வளைகுடா நாடுகளில் இடைவெளி விட்டுப் படரும் பூக்கொடிகள், வட இந்தியாவில் தோல் தெரியாதபடி நிறைக்கும் நுண்கோலங்கள். 2024 டிசம்பரில் 16 அரபு நாடுகள் இணைந்து முன்மொழிந்ததன் பேரில், மருதாணி சார்ந்த வழக்கங்களை யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மருதாணி நன்றாகச் சிவக்க என்ன செய்ய வேண்டும்?

அன்பு மிகுந்தால் சிவக்கும் என்பார்கள். வேதியியல் வேறு சொல்கிறது. இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் தோலின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து நிறம் தருகிறது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு அதை நிதானமாக வெளிவிடச் செய்யும். சர்க்கரை, குழம்பு காய்ந்து உதிராமல் ஒட்டிக்கொள்ள உதவும். மிதமான சூடு நல்லது. குழம்பு காய்ந்து வெடித்து, சுரண்டி எடுத்தவுடன் வெளிர் ஆரஞ்சு நிறம் தெரியக் கண்டு பலர் மனம் தளர்வார்கள். அது காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் செம்பழுப்பாக ஆழ்கிறது. அதுவரை தண்ணீர் படாமல் வைத்திருப்பது நல்லது. உள்ளங்கையும் பாதமும் மிகுதியாகச் சிவப்பதற்கு அங்கே இறந்த செல்களின் அடுக்கு தடித்திருப்பதே காரணம்.

கறுப்பு மருதாணி பாதுகாப்பானதா?

இல்லை. மருதாணி இலை ஒருபோதும் கரிய நிறம் தராது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரிய கோலம் கிடைக்கிறதென்றால், அதில் பெரும்பாலும் பாரா-பினைலீன்டைஅமீன் என்ற தலைமுடிச் சாயப்பொருள் கலந்திருக்கும். அது தோலில் கொப்புளங்களை எழுப்பி, வரைந்த கோலத்தின் வடிவிலேயே தழும்பை விட்டுச் செல்லக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் நிலைத்து, பின்னாளில் தலைமுடிச் சாயம் பூசினாலே முகம் வீங்கும் நிலை வரலாம். இயற்கை மருதாணி பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. ஆனால் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அவர்களுக்கு இடவே கூடாது.

இயந்திரம் எப்போது வந்தது?

1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி மின்சாரப் பச்சை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தாளில் துளையிட்டுப் படியெடுக்க எடிசன் உருவாக்கிய மின்பேனாவே அதற்கு முன்மாதிரி. கைவேலையின் நேரம் வெகுவாகக் குறைந்தது.

வேறொரு மக்களின் குறியை நான் குத்திக்கொள்ளலாமா?

எல்லாக் குறிகளுக்கும் ஒரே விடை இல்லை. டா மோக்கோவில் எழுதப்படுவது ஒருவருடைய முன்னோர் வரிசை. அதைப் பிறர் அணிவது மற்றொருவருடைய அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது போன்றது. இதனால் மாஓரிக் கலைஞர்கள் சிலர், அதே பாணியில் அமைந்தாலும் குலவழியை உரைக்காத வடிவங்களைப் பிறருக்குக் குத்துகிறார்கள். அதற்குக் ‘கிரிதுஹி’ என்று தனிப்பெயரும் வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் கலிங்கா மலைநாட்டில், 1917இல் பிறந்த வாங்-ஒட் என்ற மூதாட்டி முள்ளையும் புகைக்கரியையும் கொண்டு கைத்தட்டலாகக் குத்துபவர். ஒருகாலத்தில் போர்வீரர்களுக்கும் தம் குலப் பெண்களுக்கும் குத்தியவர், முதுமையில், மலையேறி வரும் அயலார்க்கு மூன்று சிறு புள்ளிகளைத் தம் கையொப்பமாக வைத்து அனுப்பிவந்தார். அவருடைய உடன்பிறந்தோர் வழிப் பேத்திகள் இன்று மற்ற வடிவங்களைக் குத்துகிறார்கள். எதைப் பிறருக்குக் கொடுக்கலாம், எதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அங்கே அவர்களே வகுத்திருக்கிறார்கள். ஆகவே கேள்வியைக் குறியின் சொந்தக்காரர்களிடமே கேட்பது முறை.